அவன் பிரேக் போடவில்லை

என் மச்சினன் பிரேக் போட்டதால்தான் அந்த விபத்து நடந்தது என்று நான் சொன்னேன். அது பொய். சொன்ன நொடியிலேயே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை அவன் பல வருஷம் சுமந்தான். நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அவன் வீட்டு விருந்துகளுக்கும் போய் வந்துகொண்டு, நன்றாகத்தான் இருந்தேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவன். எந்தப் பொருள் எவ்வளவு இழுவையைத் தாங்கும், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதுதான் நான் வகுப்பில் நடத்திய பாடம். இதை இங்கே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச இடம் இருக்கக் கூடாது.

ஓய்வு பெற்றதும் ஒரு பெரிய வண்டி வாங்கினேன். எங்கள் தெருவுக்குள் திரும்பவே சிரமப்படும் அளவுக்குப் பெரியது. வாங்கிய மாதமே ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், பின்பக்கம் டோ பால் மாட்டச் சொன்னேன். பம்பருக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டிருக்கும், அதன் நுனியில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டு ஒன்று நிற்கும். வெளிநாட்டில் அதில் படகு, டிரெய்லர் எல்லாம் கோத்து இழுக்கிறார்கள். இந்த ஊரில் பின்னால் வரும் ஆட்டோவும் பைக்கும் பம்பரில் இடிக்காமல் இருக்கவும், பார்க்க ஜம்மென்று இருக்கவும் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைக்காரர் கேட்டார். "இழுக்கிறதுக்கா சார், ஷோவுக்கா?"

"ஷோவுக்குத்தான்" என்றேன்.

இழுப்பதற்கு என்றால் வண்டியின் சேசிஸ் சட்டத்தில் துளை போட்டுப் பெரிய போல்ட்டுகளால் முறுக்க வேண்டும். புது வண்டியில் துளை போட்டால் வாரண்டி போய்விடும் என்று எனக்குப் பயம். அதனால் பம்பரைத் தாங்கும் மெல்லிய தகட்டில் மாட்டச் சொன்னேன். மாட்டி முடித்ததும் குனிந்து பார்த்தேன். குழந்தையின் ஊஞ்சலைக்கூட அந்தத் தகட்டில் மாட்ட மாட்டேன். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் முடிந்து வந்து அந்தக் குண்டைத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்தேன்.

மச்சினனின் மனைவிக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "அண்ணா, பின்னாடி எதுக்கு அது? யானை ஏதாவது கட்டப் போறீங்களா?" என்பாள். மச்சினன், "சும்மா இரு, மாமா கப்பல் வாங்கப் போறார்" என்பான். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். அறுபது தாண்டிய ஒரு மனிதன் இதற்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தான் என்று எழுதவே கூசுகிறது.

கொரோனா வருவதற்கு முந்தைய வருஷம், ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஒரு மண்டபத்தில் உறவுக்காரக் கல்யாணம். மதிய விருந்து முடிந்து எல்லோரும் புறப்பட்டோம். என் வண்டியில் நான், என் மனைவி, பின் சீட்டில் மூன்று பெரியம்மாக்கள். அதற்கும் பின்னால், கடைசி சீட்டில் மிஞ்சிய பிரியாணி அண்டா. மச்சினன் தன் பழைய சின்னக் காரில் மனைவியோடு எங்களுக்குப் பின்னால் வந்தான். மெட்ரோ தூண்களுக்காகச் சாலை முழுவதும் தோண்டிக் கிடந்தது. புழுதி, ஹாரன், பள்ளங்களில் தேங்கிய கருப்புத் தண்ணீர். கொஞ்ச தூரத்திலேயே அவன் கார் புகை விட்டு நின்றுவிட்டது.

அவன் இறங்கி வந்து, "இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு போன் பண்ணிட்டேன் மாமா. இழுக்கிற வண்டி அனுப்பறாங்களாம். கொஞ்சம் நேரமாகும். நீங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

நியாயமான பேச்சு. நான் அதைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

"எதுக்கு வெயிட் பண்ணணும்? என் வண்டி எதுக்கு இருக்கு? நான் இழுக்கிறேன்" என்றேன். பெரியம்மாக்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குண்டுக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்கிற சந்தோஷம் எனக்கு. வேறு காரணம் எதுவும் இல்லை.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சேசிஸில் முறுக்கிய குண்டாக இருக்க வேண்டும். அதில் கோத்து இழுக்கக் கயிறு கூடாது, விறைப்பான இரும்புத் தண்டு வேண்டும். குண்டு கழன்றாலும் கார் ஓடிவிடாதபடி தனியாக ஒரு சங்கிலி வேண்டும். பின்னால் வரும் காரில் ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இறுகிவிடும் என்பதால் ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேல்தான் போகலாம். வேறு வழியே இல்லாமல் கயிறு கட்டினால், அது தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொய்ந்த கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் விழும் விசை, மெதுவாக இழுக்கும் விசையைப் போலப் பல மடங்கு. இதைக் கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன்.

மண்டபத்துக்குத் திரும்பிப் போய்ப் பந்தல்காரரிடமிருந்து ஒரு நைலான் கயிறு வாங்கி வந்தேன். நைலான் ரப்பர் மாதிரி நீளும், நீண்டால் அறையும். அதுவும் எனக்குத் தெரியும். ஒரு முனையை அவன் காரின் முன் கொக்கியில் கட்டி, மறுமுனையை என் குண்டில் சுற்றினேன்.

மச்சினன் தயங்கினான். "மாமா, கயிறு மேல ஒரு கோணியோ போர்வையோ போடணுமாமே. அறுந்தா தெறிக்காம கீழ விழுமாம். யூடியூப்ல பார்த்தேன்."

"டேய், யூடியூப்ல பார்த்ததை எனக்கே சொல்லித் தர்றியா? போய் உட்காரு."

"அப்ப இவ உங்க வண்டியில வரட்டும்."

"எங்கடா இடம்? பிரியாணி இருக்கு பாரு."

இருந்தது பிரியாணி. அண்டாவை இறக்கிச் சாலையோரம் வைத்திருக்கலாம். இன்றைக்கும் பிரியாணி வாசனை மூக்கில் பட்டால் எனக்குக் குமட்டுகிறது. அதை நியாயமான தண்டனை என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாசனை பிடிக்காமல் போவதெல்லாம் ஒரு தண்டனையா?

அவள் சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். "யானை கட்டியாச்சு. பாகன் பார்த்து ஓட்டுங்கண்ணா."

அவனுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். "கயிறு தொய்யற மாதிரி இருந்தா லேசா பிரேக்கைத் தொடு. டைட்டா இருக்கும்." அது சரியான யோசனைதான். அவனும் அப்படியே செய்துகொண்டு வந்தான். அதனால்தான் பிற்பாடு நான் சொன்னதை அவனால் நம்ப முடிந்தது.

இறக்கம் முடிந்து தரை சமமான இடத்தில் ஒரு சிக்னல். நான் நின்றேன். அவன் கார் மெதுவாக உருண்டு என் பின்னால் மிக அருகில் வந்து நின்றது. கயிறு தரையில் பாம்பு மாதிரி சுருண்டு ஒரு பக்கமாக வெளியே கிடப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பச்சை விழுந்தது. முன்னால் நின்றவர்கள் நகர நேரம் ஆனது. பின்னாலிருந்து ஹாரன். பக்கத்து ஆட்டோக்காரர் கயிற்றைப் பார்த்துவிட்டு, "சார், மெல்லகே ஹோகி, மெல்லகே" என்று, மெதுவாகப் போகச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். சிக்னல் கடிகாரத்தில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன. இரண்டு வண்டியும் இந்தப் பச்சையிலேயே தாண்டிவிட வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

ஒரு வெட்டு. பிறகு வண்டி சட்டென்று லேசாகிவிட்டது. பின்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

தகடு கிழிந்து, குண்டும் இரும்புக் கையும் கயிற்றோடு பின்னோக்கிப் பறந்து, அவன் காரின் முன் கண்ணாடியை உடைத்து, அவன் மனைவியின் இடது கன்னத்தில் விழுந்திருந்தது.

நான் இறங்கி ஓடினேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அவள் பெயர் இல்லை, கடவுள் பெயரும் இல்லை.

"ஏன்டா பிரேக் போட்ட?"

மச்சினன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். பக்கத்தில் அவள் முகத்தைக் கையால் பொத்தியிருந்தாள், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. அவன் கேட்டான்:

"போட்டுட்டேனா மாமா?"

அவனுடைய அந்தக் கேள்வியில் துளி சந்தேகம் இல்லை. என்னிடம் விடை கேட்டான், அவ்வளவுதான். இழுவை, விசை என்று வந்துவிட்டால் என் சொல்தான் எங்கள் குடும்பத்தில் கடைசிச் சொல். நான் "ஆமாம்" என்றேன்.

சுற்றிலும் கூட்டம் கூடி, செல்போனில் படம் எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது, கத்தினேன். என்னைவிட அசிங்கமான ஆள் யாராவது அங்கே கிடைத்தால் எனக்கு நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

என் வண்டியிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அண்டாவை அப்போது இறக்க முடிந்தது. கன்ன எலும்பைத் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். இடது கண் பார்வை போனது போனதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் வந்து என் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் கூட இல்லேன்னா என்ன ஆயிருக்கும்" என்றார்கள். அவர்களிடம் நானாகவே சொன்னேன்: "பாவம், பயத்துல பிரேக்கை மிதிச்சுட்டான்." பாவம் என்று சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

மச்சினன் வந்து என் முன்னால் நின்றான். "மன்னிச்சுடுங்க மாமா. உங்க வண்டியையும் கெடுத்துட்டேன்."

நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். "விடுடா. வண்டிதானே."

அந்த வாரமே, கிழிந்த தகட்டையும் குண்டையும் ஒரு சாக்கில் போட்டு, சிவாஜிநகரில் பழைய இரும்பு வாங்கும் குஜிரிக் கடையில் எடைக்குப் போட்டேன். விவரம் தெரிந்த யாராவது அந்தத் தகட்டைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும் என்று பயம். கறிக்கடை ஈக்கள் மொய்க்கும் சந்து அது. கடைக்காரர் கொடுத்த காசில் அங்கேயே நின்று டீ குடித்தேன். உண்மையாகவே குடித்தேன், சூடாக, சர்க்கரை தூக்கலாக.

அதன் பிறகு மச்சினன் கார் ஓட்டவில்லை. நடக்கும்போது எப்போதும் அவளுக்கு இடது பக்கமாக நடந்தான், அந்தப் பக்கம் வருவது அவளுக்குத் தெரியாது என்பதால். சாப்பாட்டு மேசையில் அவள் தட்டிலிருந்த மீனை எடுத்து முள் பொறுக்கி வைப்பான். அவள், "எனக்கு ஒரு கண்ணு தெரியும். குடுங்க" என்பாள். அவன் கேட்க மாட்டான். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. அந்த மேசையில் எத்தனையோ முறை நானும் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

போன வருஷம் அவர்கள் கல்யாண நாளுக்கு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். பிறகு வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம், கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சொல்வது. மச்சினன் எழுந்தான். "என் காலால நடந்த தப்புல இவ உயிரே போயிருக்கும். ஆண்டவர் காப்பாத்தினார். இவளும் என்னை விட்டுட்டுப் போகல" என்று சொல்லிவிட்டு அழுதான். நாற்காலிகள் நிறைய சொந்தக்காரர்கள். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தேன். அவள் ஆமென் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கண்ணு போனது எனக்கா? அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க" என்றாள். துணியை அலசிப் பிழிந்துவிட்டு, "அவன் என் தம்பிங்க" என்றாள்.

மறுநாள் காலை போனேன். அவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"நீ பிரேக் போடலை" என்றேன். "கயிறு தொய்ஞ்சு கிடந்தது. நான்தான் சிக்னலைப் பிடிக்கணும்னு வெடுக்குனு இழுத்தேன். அந்தக் குண்டு இழுக்கிறதுக்கு மாட்டினதே இல்லை. அது தாங்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உன் மேல போட்டுட்டேன்."

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான். என்னைத் திட்டுவான் என்று நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தான்.

அவள் சொன்னாள்: "நான் சொன்னேன்ல?"

எனக்குப் புரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில கட்டு பிரிச்ச அன்னைக்கே சொன்னேண்ணா. நீங்க பிரேக் போடலைங்க, பக்கத்துல நான்தானே இருந்தேன், வண்டி நின்னுதானே இருந்துச்சுன்னு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? மாமா இன்ஜினீயரு, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், உனக்கு அடிபட்ட அதிர்ச்சியில ஞாபகம் குழம்பிப்போச்சுன்னாரு."

மச்சினன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நேத்து மாதிரி இன்னொரு கூட்டம் வைங்க. எல்லார் முன்னாலயும் நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் அவள். "அங்க சொன்னா உங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க. அழுவாங்க. எவ்வளவு தாழ்மைன்னு பேசுவாங்க. எனக்கு அதைப் பார்க்க வேண்டாம். அன்னைக்கு வராந்தாவுல யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."

போனேன். ஒவ்வொரு வீடாகப் போய், உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைத் தொடாமல் சொன்னேன். என்னால் தாங்க முடியாத ஒன்று நடந்தது. பாதிப் பேர் நம்பவில்லை. "வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம் கிளறிட்டு" என்றார்கள். ஒரு பெரியம்மா என் தலையைத் தடவி, "மச்சினன் மனசு ஆறணும்னு பழியை நீ ஏத்துக்கறே. எவ்வளவு பெரிய மனசுய்யா உனக்கு" என்றாள். நான் கெஞ்சினேன். தகட்டைப் பற்றிச் சொன்னேன், வாரண்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். எழுந்து வெளியே வந்து, அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

சில நாள் கழித்து மச்சினன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணா, கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுக்கு வராதீங்க. கோபத்துல சொல்லலை. உங்களைப் பத்திப் பேச்சு வந்தாலே இவர் சாப்பாட்டைத் தள்ளிடறார்."

"சரிம்மா. அவன் எப்படி இருக்கான்?"

"அழறார். முன்னாடி பிரேக் போட்டதுக்கு அழுதார். இப்ப நான் சொன்னதை நம்பலையேன்னு அழறார். இதுக்கு அவர் அழட்டும்ணா. நான் தடுக்கல."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் அவளிடம் நான் பிடுங்கிய இன்னொரு பொருளாக இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு துக்க வீட்டில் எல்லோரும் கூடினோம். மச்சினனும் அவன் மனைவியும் என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், நான் உண்மையைச் சொல்லிவிட்டது தெரியாதவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு மச்சினனிடம், "கயிறு கட்டி இழுக்கறப்போ நீ பிரேக் போட்டதால வந்த வினைதானே இது?" என்றார்.

"நான் பிரேக் போடலை" என்றான் மச்சினன். சத்தமாகவே சொன்னான். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த உறவுக்காரர், வழக்கம்போல, என் பக்கம் திரும்பினார். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"ஆமாங்க, அவன் போடலை" என்று ஆரம்பித்தேன். "நான்தான்..."

"அவரே சொல்லிட்டாருல்லண்ணா" என்றாள் அவள். "உங்களை யார் கேட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.